பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனிக்கு லைசென்ஸ் ஆளா பேர் குடுத்தா எவ்வளவு தூரம் கூட நின்னு பாக்கணும்?

கெமிஸ்ட்ரி_கிருஷ்ணகிரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ-ல (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) பெஸ்ட் கன்ட்ரோல் லைசென்ஸுக்கு கேக்கற 15 நாள் டிரெய்னிங்கும் முடிச்சு சர்டிஃபிகேட் வச்சிருக்கேன். இப்ப ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனிக்காரர் கூப்பிட்டு பேசறாரு, அவருக்கு கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி மூணு ஊர்லயும் டீம் ஓடுது, முன்னாடி லைசென்ஸுக்கு படிச்ச ஆளா இருந்தவர் பெங்களூர் போயிட்டாராம், லைசென்ஸுக்கு உங்க பேர் வேணும், மாசம் ஒரு தொகை வீடு தேடி வந்துரும், மாசம் ஒரு வாட்டி வந்து ரிப்போர்ட் புக்ல கையெழுத்து போட்டா போதும்ங்கறாரு. இப்ப வேலை இல்லாம இருக்கேன், பணம் வேணும்தான். ஆனா மனசு ஒப்பல. என் பேர்ல லைசென்ஸ்னா நான் கூட இருந்து எதெல்லாம் பாக்கணும்? ஓசூர்ல ஒரு வீட்ல பசங்க ஏதாவது தப்பா அடிச்சுட்டா அது என் தலையில வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்_சர்வீஸ்:
தம்பி, நானும் இதே தொழில்ல இருக்கறவன், சின்ன கம்பெனி. பேரை மட்டும் குடுன்னு கேக்கறது நம்ம பக்கம் புதுசு இல்ல, ஆனா சட்டம் அப்படி நினைச்சு எழுதல. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, விதிகள் 1971, அதுல வணிக ரீதியா பெஸ்ட் கன்ட்ரோல் பண்ண தனி லைசென்ஸ் வேணும், அக்ரி டிகிரி இல்லன்னா கெமிஸ்ட்ரி ஒரு பாடமா படிச்ச சயின்ஸ் டிகிரி, கூட 15 நாள் டிரெய்னிங், மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ, ஹாப்பூர் தானிய சேமிப்பு நிலையம், ஹைதராபாத் தாவரப் பாதுகாப்பு நிறுவனம் இப்படி இடங்கள்லதான் அந்த சர்டிஃபிகேட் செல்லும். எதுக்கு இவ்வளவு கேக்கறான்? விஷம் தெரிஞ்ச ஒருத்தன் அந்த வேலைக்குப் பக்கத்துல இருக்கணும்னுதானே. மாசம் ஒரு கையெழுத்துக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி.

தலையில வருமான்னு கேட்டீங்க, வரும். பிரிவு 33 எடுத்துப் படிங்க, கம்பெனி தப்பு பண்ணா அந்த நேரம் தொழிலை நடத்தற பொறுப்புல இருந்த ஆளும் குற்றவாளின்னுதான் எடுத்துக்குவாங்க. எனக்குத் தெரியாம நடந்துச்சு, இல்ல நடக்காம தடுக்க நான் உரிய அக்கறை எல்லாம் எடுத்தேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். மாசம் ஒரு தடவை வந்து போறவன் அந்த அக்கறையை எதை வச்சு காட்டுவான்?

கூழ்_க்யூஏ:
மாங்கூழ் ஃபேக்டரில குவாலிட்டி பாக்கறேன், காவேரிப்பட்டணம் பக்கம். கையெழுத்து விஷயம் பேசறதால சொல்றேன். சீசன்ல, அதாவது மே கடைசில இருந்து பெங்களூரா காய் லாரி லாரியா இறங்கற நேரம், எங்களுக்கு ஈ தொல்லை உச்சத்துல இருக்கும், எக்ஸ்போர்ட் வாங்கறவன் ஆடிட்டுக்கு வந்தா முதல்ல கேக்கற ஃபைல்ல பெஸ்ட் கன்ட்ரோல் ஃபைலும் ஒண்ணு. போன சீசன் ஒரு கம்பெனி சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா சூப்பர்வைசர் கையெழுத்து எங்க ஷீட்ல காலைல பத்தரைன்னு இருக்கு, அதே தேதி அதே பத்தரைக்கு அதே கையெழுத்து தருமபுரில எங்க இன்னொரு கோடவுன் ஷீட்லயும் இருக்கு. முப்பது கிலோமீட்டருக்கு மேல தூரம். பசங்கள கூப்பிட்டு விசாரிச்சா, புக்கு மொத்தமும் முன்னாடியே கையெழுத்து போட்டுத்தான் குடுப்பாங்க சார், நாங்க நேரம் மட்டும் எழுதிக்குவோம்னு வெள்ளந்தியா சொல்றான். அந்த ஃபைலை ஆடிட்டர் முன்னாடி வைக்க முடியுமா? கான்ட்ராக்ட்டை நிறுத்திட்டோம். தம்பி, அந்த வெத்து புக்ல போடற கையெழுத்துதான் உங்ககிட்ட கேக்கறாங்க.

பென்னாகரம்_பையன்:
அண்ணா நான் ஃபீல்டுல அடிக்கற ஆளு, டெக்னீஷியன்னு கார்டு குடுத்திருக்காங்க, பத்தாவதுதான் படிச்சிருக்கேன். லைசென்ஸ் ஆளு கூட இல்லன்னா என்ன ஆகும்னு எங்க பக்கத்துல இருந்து சொல்றேன் கேளுங்க. எனக்கு டிரெய்னிங்னு சொன்னது ஒரு நாள் சீனியர் கூட பைக்ல பின்னாடி உக்காந்து போனதுதான், அவரு பாட்டில் மூடியால ஊத்துவாரு, கரப்பான்னா ரெண்டு மூடி, கரையான்னா கணக்கே இல்ல, வாசம் தூக்கலா வந்தாத்தான் கஸ்டமர் நம்புவாங்கன்னு இன்னும் ஒரு மூடி. பாட்டிலுக்கு பாட்டில் மூடி சைஸ் வேற, மருந்தோட பவர் வேற, இதெல்லாம் பின்னாடிதான் ஒரு மருந்துக்கடை அண்ணன் சொல்லித் தெரிஞ்சது. லேபிள்ல முக்கோணம் சிவப்பா இருந்தா என்ன, மஞ்சளா நீலமா பச்சையா இருந்தா என்னன்னும் அவர்தான் சொல்லிக்குடுத்தாரு, சிவப்பு ரொம்ப கொடிய விஷம், பச்சை இருக்கறதுலயே வீரியம் கம்மி. கம்பெனில யாரும் சொல்லல. உள்ள போனா கைக்குழந்தை இருக்கும், மீன் தொட்டி இருக்கும், ஆஸ்துமா இருக்கற பெரியவங்க கட்டில்ல படுத்திருப்பாங்க, அடிக்கலாமா கூடாதான்னு கேக்க ஆளு கிடையாது, ஓனருக்கு போன் போட்டா சீக்கிரம் முடிச்சுட்டு அடுத்த சைட்டுக்கு போடாம்பாரு. லைசென்ஸ்ல பேர் இருக்கற சார் எப்படி இருப்பார்னே நான் பாத்ததில்ல. நீங்க வர்றதா இருந்தா எங்க கூட வர்ற ஆளா வாங்கண்ணா.

ஓசூர்_அக்கா:
தம்பி இதைப் படிச்சதும் வயிறு கலங்குது. நான் ஓசூர்ல ஒரு அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல செக்ரட்டரி. 2024 நவம்பர்ல சென்னை பக்கம் குன்றத்தூர்ல ஒரு வீட்ல எலிக்கு மருந்து வச்சுட்டுப் போனதுல ரெண்டு குழந்தைங்க செத்துப்போச்சு, அப்பா அம்மா ஆஸ்பத்திரில கிடந்தாங்க, எல்லாரும் பேப்பர்ல பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் எங்க குடியிருப்புக்கு யாரு வந்தாலும் நான் கேட்டுத்தான் உள்ள விடறேன்.

கரையானுக்கு ஒரு கம்பெனி வந்துச்சு. கட்டி முடிச்ச வீட்டுக்கு சுவரும் தரையும் சேர்ற மூலைல ஓட்டை போட்டு மருந்து ஊத்தறது தெரியும்ல, அதுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 6313 மூணாம் பாகத்துல 12 மில்லிமீட்டர் ஓட்டை, சுமார் 300 மில்லிமீட்டருக்கு ஒண்ணு, ஒரு ஓட்டைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர்னு இருக்கு. எங்க ஏ பிளாக்ல போட்டதை டேப் வச்சு அளந்தேன், ரெண்டடிக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. ஊத்தினது ஒரு டம்ளர் இருக்கும். உங்க சூப்பர்வைசர் எங்கப்பான்னா, சார் தருமபுரில இருக்காரு மேடம். போன் நம்பர் குடுன்னா அது ஓனர் நம்பர். வேலைய நிறுத்தி அனுப்பிட்டேன், அடுத்து வந்தவங்க கூட ஒரு படிச்ச பையன் கடைசி வரைக்கும் நின்னு ஒவ்வொரு பக்கெட்டும் அளந்து கலக்க வச்சான், மூடி திறந்து லேபிளை என்கிட்ட காட்டிட்டுத்தான் ஊத்தினான். காசு கொஞ்சம் ஜாஸ்திதான், பரவால்லைன்னு குடுத்தோம்.

ஓசூர்_சர்வீஸ்:
அக்கா சொல்றது சரி. ஆனா தொழில் பண்றவங்க பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு சமையல்கட்டுக்கு கரப்பான் ஜெல் புள்ளி புள்ளியா வைக்கற வேலைக்கு டிகிரி படிச்ச ஆள் கூடவே நிக்கணும்னா சின்ன கம்பெனி எதுவும் தாங்காது, அதுக்கு அவசியமும் இல்ல. ஒழுங்கா பழக்கின டெக்னீஷியன், சந்தேகம்னா உடனே எடுக்கற போன், வாரத்துல அங்கங்க சொல்லாம கொள்ளாம போய் பாக்கறது, அது போதும். ஸ்ப்ரே அடிக்கற வேலைன்னா கலவையை யார் அளந்தாங்கன்னு எழுதி இருக்கணும். கரையான் வேலைக்கு ஆரம்பத்துலயும் முடிக்கும்போதும் ஆள் இருக்கணும், ஏன்னா கரையான் மருந்து குளோர்பைரிபாஸ் 20 ஈசின்னா, அதாவது 20 சதவீத வீரியம்னா, ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி ஊத்தினாதான் ஒரு சதவீதம், அதுவே 50 ஈசி பாட்டில் வந்துட்டா கணக்கே மாறிடும், பையன் பழைய கணக்குலயே ஊத்திட்டுப் போவான். இன்னொரு கரையான் மருந்து இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீதம்னா லிட்டருக்கு 2.1 மில்லி, அதை மூடில எங்க அளக்கறது. வேலைக்குத் தக்க மேற்பார்வை வேணும்ங்கறேன், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கேக்காதீங்க. ஆனா புகை போடற வேலைன்னா, அதாவது மூடி வச்சு விஷ வாயு விடறதுன்னா, பேச்சே இல்ல, ஆள் அங்கயே நிக்கணும்.

கிடங்கு_பெரியவர்:
கடைசி வரி இருக்கே, அதுக்குத்தான் நான் எழுத வந்தேன். தானியக் கிடங்குல புகை போடற வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், இப்ப தருமபுரில இருக்கேன், புளி மண்டிக்காரங்க ராகி வியாபாரிங்க அப்பப்ப யோசனை கேப்பாங்க.

அலுமினியம் பாஸ்பைடு, அதாவது புகைக்கு வைக்கற மாத்திரை, மத்த மருந்து மாதிரி இல்ல. மத்திய அரசு போட்ட கட்டுப்பாட்டுலயே தெளிவா இருக்கு, அரசு அமைப்பு இல்லன்னா பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர்தான் செய்யணும், அதுவும் அரசு நிபுணரோ, மத்திய அரசோட தாவரப் பாதுகாப்பு ஆலோசகர் ஒப்புதல் குடுத்த நிபுணரோ கடுமையா கண்காணிக்கணும். 6 சதவீதம், 15 சதவீதம் மாத்திரைக்கு மட்டும்தான் விலக்கு. லைசென்ஸ் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு இதைப் போட முடியாது தம்பி, புகைக்கு விடற மீதைல் புரோமைடு வாயுவும் அப்படித்தான். உங்க சர்டிஃபிகேட்டை வச்சு புகை வேலையும் எடுப்பாங்களான்னு அந்த ஓனர்கிட்ட முதல்ல கேளுங்க.

கூட நிக்கறதுன்னா என்னன்னு சொல்றேன். 3 கிராம் மாத்திரை ஒண்ணு ஒரு கிராம் பாஸ்பீன் வாயு விடும். மாத்திரையைத் தட்டுல வச்ச உடனே ஒண்ணும் தெரியாது, காத்துல இருக்கற ஈரம் பட்டு பட்டு மெதுவாத்தான் கிளம்பும், அதனால பழகாத பையன் ஒண்ணும் ஆகலையேன்னு மூடாக்குக்குள்ள தலைய விடுவான். எத்தனை டன் அடுக்கு, எத்தனை மாத்திரை, எந்தத் தட்டு எந்த மூலைல, எல்லாம் எழுதி வைக்கணும், எடுக்கும்போது அத்தனை தட்டும் எண்ணி வெளிய வரணும். தார்ப்பாய் ஓரத்துல மணல் பாம்பு, அதாவது மணல் அடைச்ச நீளப் பை, ஒழுங்கா படுக்குதான்னு குனிஞ்சு கையால தடவிப் பாக்கணும், ஒரு சுருக்கம் இருந்தா அது வழியா வாயு போயிரும், பூச்சியும் சாகாது, பக்கத்து ரூம்ல தூங்கற வாட்ச்மேனுக்கு ஆபத்து. அஞ்சு ஏழு நாள் கழிச்சு திறக்கறப்பதான் இன்னும் கவனம் வேணும், எல்லா ஷட்டரையும் தூக்கி காத்தோட விட்டு, மீட்டர்ல அளந்து 0.3 பி.பி.எம்-க்கு (பத்து லட்சம் பங்கு காத்துல 0.3 பங்கு வாயு) கீழ வந்ததுக்கு அப்புறம்தான் ஆளை உள்ள விடணும். பூண்டு வாசம் வந்தா தெரிஞ்சுக்கலாம்னு சொல்றவங்கள நம்பாதீங்க, வாசத்தை நம்பி உள்ள போகக்கூடாது. இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனாலும் டாக்டருங்க உயிரைத் தாங்கிப் பிடிக்கற சிகிச்சைதான் குடுக்க முடியும்.

குடும்பம் தூங்கற வீட்டுக்குள்ள இதை யாராவது போடச் சொன்னா, பத்தாயிரம் குடுத்தாலும் போடாதீங்க. சுவர் விரிசல், ஏசி பைப் ஓட்டை வழியா பக்கத்து வீட்டுக்கே போயிரும்.

கெமிஸ்ட்ரி_கிருஷ்ணகிரி:
ஐயா ரொம்ப நன்றி. ஓனர்கிட்ட போன்ல கேட்டேன், புளி கோடவுன் ரெண்டு மூணு இருக்கு, அதுக்கு மாத்திரை போடுவோம், அதுக்குத்தான் உங்க மாதிரி ஆளு வேணும்னு சாதாரணமா சொல்றாரு. அந்த ஒப்புதல் பத்தி கேட்டா, அதெல்லாம் பாத்துக்கலாம் சார்ங்கறாரு.

தாம்பா_மச்சான்:
கிருஷ்ணகிரிதான் சொந்த ஊரு, இப்ப ஃப்ளோரிடால இதே தொழில்ல இருக்கேன், இங்க எப்படின்னு சொன்னா உங்களுக்கு பேரம் பேச உதவும். இங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் பொறுப்பு ஆபரேட்டர்னு பரீட்சை எழுதி பாஸ் பண்ண ஒருத்தர் இருக்கணும், அவர் அந்தக் கம்பெனில முழு நேர ஊழியரா இருக்கணும், இந்தத் தொழில்தான் அவருக்கு முக்கிய வேலையா இருக்கணும், வேலைய நேர்ல மேற்பார்வை பாத்து தானும் இறங்கி செய்யணும்னு மாநில சட்டத்துலயே எழுதியிருக்கு. ஒரே ஆள் ரெண்டு ஊர் பிராஞ்சுக்கு பொறுப்பா இருக்க முடியாது. எந்த மருந்து, எவ்வளவு வீரியம், ஆளுங்க டிரெய்னிங், எல்லாம் அவர் கணக்குல வரும். கலிஃபோர்னியால புகை வேலைக்கு லைசென்ஸ் உள்ளவரோட நேரடி மேற்பார்வை கட்டாயம், வாயு விடும்போதும் திறந்து காத்தாட விடும்போதும் வீட்டுக்காரங்கள திரும்ப உள்ள விடும்போதும் அவர் அங்க இருக்கணும். பெரியவர் சொன்ன அதே நேரங்கள்தான், பாத்தீங்களா. இந்தச் சட்டம் நம்ம ஊர்ல செல்லாது, ஆனா மூணு ஊருக்கு ஒரே பேர்னு கேக்கறவர்கிட்ட என்ன கேள்வி கேக்கணும்னு இதுல இருந்து எடுத்துக்கலாம்.

ஓசூர்_சர்வீஸ்:
நம்ம விதிலயும் மருந்து ஸ்டாக் வைக்கற ஒவ்வொரு இடத்துக்கும் தனியா அப்ளிகேஷன், தனியா லைசென்ஸ். அவர் மூணு ஊர்லயும் மருந்து வச்சிருந்தா மூணு லைசென்ஸ் காட்டணும். காட்டச் சொல்லுங்க தம்பி. காட்டலைன்னா அதுக்கு மேல பேச வேண்டியதே இல்ல.

கெமிஸ்ட்ரி_கிருஷ்ணகிரி:
சரி, ஒரு முடிவுக்கு வந்திருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க. கிருஷ்ணகிரி ஒரு பிராஞ்ச் மட்டும்னா வரேன், முழு நேர வேலைக்குத்தான் வரேன், சம்பளம் பேங்க்ல வரணும். புகை வேலை ஒப்புதல் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. நான் போகாத சைட்டுக்கு கையெழுத்து போட மாட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டர் என் பொறுப்புல இருக்கணும், எது வாங்கினாங்க எது வெளிய போச்சுன்னு தெரியாம நான் எதுக்குப் பொறுப்பு ஏத்துக்கறது. தப்பான சைட்ல வேலைய நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்குன்னு ஆர்டர்ல எழுதித் தரணும்.

பென்னாகரம்_பையன்:
எங்களுக்கும் ஏதாவது சேத்துக்குங்கண்ணா. மாஸ்க்குன்னு துணி மாஸ்க் குடுக்கறாங்க, கை உறை கிழிஞ்சா புதுசு கேக்க முடியல, மழைக்காலத்துல அடிச்சுட்டு வந்து நைட்டு முழுக்க தலைவலி. டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனதே இல்ல.

கிடங்கு_பெரியவர்:
தம்பி, நீ கேக்கறது உன் உரிமை. விதி 37 படி பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்களுக்கு வேலைல சேர்றதுக்கு முன்னாடியும், அப்புறம் வருஷம் ஒரு தடவையும் மெடிக்கல் செக்கப் கட்டாயம், அதை ரிஜிஸ்டர்ல ஏத்தணும். பாதுகாப்பு உடுப்பு, மூச்சுக் கவசம், முதலுதவி, வேலை பழக்கறது எல்லாம் அதைச் சுத்தியே வர்ற விதிகள்ல இருக்கு, துணி மாஸ்க் அதுல வராது. காலி பாட்டிலை அப்படியே குப்பைல போடக் கூடாதுன்னும் இருக்கு. கெமிஸ்ட்ரி தம்பி, உங்க லிஸ்ட்ல இதை முதல்ல வைங்க. சேந்த அன்னைக்கே அந்த மெடிக்கல் ரிஜிஸ்டரைக் கேளுங்க, அதை எடுத்துக் காட்டற விதத்துலயே கம்பெனி எப்படின்னு தெரிஞ்சுரும்.

கூழ்_க்யூஏ:
ரிப்போர்ட் ஷீட்டையும் மாத்தச் சொல்லுங்க. மருந்து பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு, அளந்தது யாரு, உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், திரும்ப எப்ப உள்ள போகலாம், இவ்வளவும் அங்க வச்சே எழுதணும், கஸ்டமருக்கு ஒரு காப்பி. உங்க போன் நம்பர் அதுல அச்சடிச்சு இருக்கணும், ஓனர் நம்பர் இல்ல. இப்படி ஷீட் குடுக்கற கம்பெனின்னா எங்க மாதிரி ஃபேக்டரிங்க கூடக் குடுத்தே எடுப்பாங்க, இதையும் ஓனர்கிட்ட சொல்லுங்க, அவருக்கும் லாபம்தான்.

ஓசூர்_அக்கா:
நான் சேக்கறது ஒண்ணுதான். மருந்து அடிக்கறதுக்கு முந்தின நாளே வீட்டுக்காரங்கள கூப்பிட்டு பேசற ஆள் நீங்களா இருங்க தம்பி. கைக்குழந்தை உண்டா, மாசமா இருக்கறவங்க உண்டா, நாய் பூனை உண்டா, எந்த ரூம்ல படுப்பீங்க, ஏசி போடுவீங்களா. எங்க ஜனங்க கேக்காம சொல்ல மாட்டாங்க, கேட்டா எல்லாம் சொல்வாங்க.

கெமிஸ்ட்ரி_கிருஷ்ணகிரி:
எல்லாத்தையும் எழுதி வாட்ஸ்அப்ல ஓனருக்கு அனுப்பிட்டேன். மூணு ஊர் லைசென்ஸ் காப்பியும் கேட்டிருக்கேன். கிருஷ்ணகிரி காப்பி மட்டும் அனுப்பினாரு, அதுல இன்னும் பழைய ஆள் பேர்தான் இருக்கு. தருமபுரிக்கும் ஓசூருக்கும் அப்ளை பண்ணணும்ங்கறாரு. அடுத்த வாரம் நேர்ல வாங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு.

ஓசூர்_சர்வீஸ்:
ஒரிஜினலை காட்டுங்க, கையில குடுத்துட்டு வராதீங்க. ஜெராக்ஸ் குடுத்தா அதுக்கு குறுக்கால எந்தக் கம்பெனி, எந்த பிராஞ்ச், எந்தத் தேதின்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க, வேற இடத்துக்கு ஓட்டிரக்கூடாது. பேச்சுவார்த்தை முறிஞ்சா எனக்கு தனி மெசேஜ் போடுங்க. பெரிய சம்பளம் என்னால குடுக்க முடியாது, ஆனா ஃபீல்டுக்கு கூட வர்ற ஆள்தான் எனக்கு வேணும்.

பென்னாகரம்_பையன்:
அண்ணா அங்க டெக்னீஷியனுக்கும் இடம் இருக்கா?

ஓசூர்_சர்வீஸ்:
வாப்பா. முதல்ல மெடிக்கல் செக்கப், அப்புறம்தான் ஸ்ப்ரேயர்.